நோயுடலும் கடல் கடக்கும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் வெற்றிகளைப் பட்டியலிடுவது வழக்கம். எத்தனை பிள்ளைகள் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர், எத்தனை பேர் கடல் கடந்தனர் என்பனவற்றை இம்மலரின் பிற பக்கங்கள் எடுத்துரைக்கும். நாம் பேச எடுத்துக்கொண்டதோ, அப்பட்டியலில் இடம்பெறாத ஒரு சாராரைப் பற்றியது. மதிப்பெண்ணும் உழைக்கும் ஆர்வமும் இருந்தும், உடலில் தீராத நோயொன்றோ குறையொன்றோ இருக்கின்ற காரணத்தால், "நமக்கு எதற்கு வெளிநாடு?" என்று ஒடுங்கிவிடுகின்ற பிள்ளைகள் ஒருபுறம். அதே நோயை ஒருவரிடமும் சொல்லாமல், மருந்தைத் துணிக்கடியில் ஒளித்து விமானம் ஏறி, போன இடத்தில் அல்லற்படுகின்ற பிள்ளைகள் மறுபுறம். இவ்விரு சாராரும் நம் பிள்ளைகளே. இவர்களுக்குச் சங்கம் கூறக்கூடிய அறிவுரை யாது என்பதே நம் பொருள்.

சர்க்கரை நோயுள்ள மகனுக்கோ, வலிப்பு நோயுள்ள மகளுக்கோ, இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய தம்பிக்கோ வெளிநாட்டு வாய்ப்பு ஒன்று வந்துவிட்டால், உறவினர் கூடி மூன்று விடைகள் கூறுகின்றனர். "வெளியே சொல்லாதே, மறைத்துவிடு" என்பது முதல் விடை. "உனக்கு ஒத்துக்கொள்ளாது, போகாதே" என்பது இரண்டாவது. "நடப்பது நடக்கட்டும்" என்பது மூன்றாவது. இம்மூன்றும் அன்பிலிருந்து பிறந்தவையே. எனினும் மூன்றும் அறிவிலிருந்து பிறந்தவை அல்ல. நாம் நான்காவது விடை ஒன்றை முன்வைக்கிறோம்: மறைக்காதே, மலைக்காதே, அறிந்து செல்!

"போகாதே" என்போர்க்கு ஒரு வாழ்க்கையை நினைவூட்டுவோம். அண்ணல் அம்பேத்கர் 1913-ஆம் ஆண்டு பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோது திடமான இளைஞர். பிற்காலத்திலோ நீரிழிவு அவரை வாட்டியது. கண்பார்வை மங்கியது, கால்கள் தளர்ந்தன. 1954-ஆம் ஆண்டில் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். அதே ஆண்டின் இறுதியில் ரங்கூனில் நடந்த உலக பௌத்த மாநாட்டிற்குச் சென்றார். 1956 நவம்பரில் காத்மாண்டு மாநாட்டிலும் உரையாற்றினார். அடுத்த மாதம் 6-ஆம் நாள் மறைந்தார். நோயைப் பொருட்படுத்த வேண்டா என்பது இதன் பொருளன்று. மருத்துவரான துணைவியார் சவிதா அம்மையாரின் பேணுதலோடுதான் அவர் அக்காலத்தைக் கடந்தார். நோயுள்ள உடலுக்கும் செல்லும் இடம் உண்டு. ஆனால் துணையும் ஆயத்தமும் வேண்டும் என்பதையே அவருடைய இறுதியாண்டுகள் நமக்குக் காட்டுகின்றன.

உடலை அளந்த வரலாறு

கடல் கடத்தல் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. 1860 நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைச் சுமந்துகொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதற்கு முன்பே மொரீசியசுக்கும், இலங்கையின் தோட்டங்களுக்கும் ஆயிரமாயிரவர் சென்றிருந்தனர். பின்னர் மலாயாவின் ரப்பர்க் காடுகளுக்கும் சென்றனர். அவர்களுள் நிலமற்ற நம் மக்கள் பெரும் பங்கினர். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகின்றவர்களை இராமேசுவரத்திற்கு அருகிலுள்ள மண்டபம் முகாமில் நிறுத்தி, தொற்றுநோய் உண்டா என்று சோதித்த பின்னரே அக்கரைக்கு அனுப்பினர். நம் பாட்டன் பாட்டியரின் உடலைப் பார்த்தவர்கள் உள்ளத்தைப் பார்க்கவில்லை. "இவ்வுடல் உழைக்குமா?" என்பதொன்றே அன்றைய கேள்வி.

இக்கேள்வி நம் நாட்டோடு நிற்கவில்லை. நியூயார்க் துறைமுகத்தை அடுத்த எல்லிஸ் தீவில் 1892-ஆம் ஆண்டு குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. அங்கு வரிசையில் வந்தோரை மருத்துவர்கள் சில நொடிகளே பார்த்தனர். ஐயம் எழுந்தால் அவர்தம் மேலாடையில் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்தை இட்டனர். நொண்டி நடந்தால் ஓர் எழுத்து, இதயக் கோளாறு எனத் தோன்றினால் ஓர் எழுத்து, கண்நோய்க்கு ஓர் எழுத்து. எழுத்து விழுந்தவர்களைத் தனியே நிறுத்தி மறுபடியும் சோதித்தனர். அவர்களுள் சிலர் வந்த கப்பலிலேயே திரும்ப நேர்ந்தது.

பிறப்பைக் கொண்டு மனிதர்மேல் குறியிடும் வழக்கத்தை அனுபவித்த சமுதாயம் நம்முடையது. உடலைக் கொண்டு குறியிடுவது எத்தகையது என்பதைப் பிறர் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே, அக்குறியை நாமே நம் பிள்ளைகள்மேல் இடலாகாது என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்வோம்.

இன்றைய வாயில்கள்

இன்று சுண்ணக்கட்டி இல்லை. அதற்குப் பதிலாகச் சட்டப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றை மூன்று வாயில்களாகப் பகுத்து அறிந்துகொள்ளலாம்.

முதல் வாயில், தொற்றுநோய் வாயில். ஆறு மாதத்திற்கு மேல் பிரிட்டனில் தங்க விரும்பும் இந்தியர் காசநோய் இல்லை என்னும் சான்றைக் காட்ட வேண்டும். காசநோய் வந்து முழு மருத்துவமும் முடித்தவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மருத்துவம் முடித்ததற்கான தாள்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நுரையீரலில் பழைய தழும்பு இருந்தால், அத்தாள்களே அவருக்காகப் பேசும். அமெரிக்கா 1987 முதல் எச்.ஐ.வி. கிருமி உள்ளவர்களை உள்ளே விடாமல் தடுத்திருந்தது. அத்தடை 2010 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஒரு காலத்தில் பூட்டிய வாயில் மற்றொரு காலத்தில் திறக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது வாயில், செலவு வாயில். "இவரைச் சேர்த்துக்கொண்டால் நம் நாட்டின் மருத்துவச் செலவு எவ்வளவு கூடும்?" என்று கணக்கிடும் நாடுகள் உள்ளன. ஆஸ்திரேலியா அத்தகையது. 2024 ஜூலையில் அந்நாடு தன் செலவு வரம்பை 51,000 டாலரிலிருந்து 86,000 டாலராக உயர்த்தியது. நியூசிலாந்து 2022-ஆம் ஆண்டில் தன் வரம்பை 41,000 டாலரிலிருந்து 81,000 டாலராக்கியது. கனடா 2018-ஆம் ஆண்டில் தன் வரம்பை மும்மடங்காக்கியதோடு, குறையுடைய குழந்தைகளுக்கான சிறப்புக் கல்விச் செலவைக் கணக்கிலிருந்தே நீக்கியது. இவை தாமாகக் கனிந்த கனிகள் அல்ல. பெற்றோர் வழக்காடினர், சங்கங்கள் குரல் கொடுத்தன. 2005-ஆம் ஆண்டில் கனடாவின் உச்ச நீதிமன்றம், நோயின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது, அக்குடும்பத்தின் உண்மை நிலையையும் ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஆஸ்திரேலியாவில் 2008-இல் நடந்ததையும் கேளுங்கள். மருத்துவர் பற்றாக்குறையால் தவித்த ஒரு நாட்டுப்புற ஊருக்கு ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் பணியாற்ற வந்தார். அவருடைய மகனுக்குப் பிறவியிலேயே டவுன் குறைபாடு இருந்தது. அக்காரணம் காட்டி அக்குடும்பத்திற்கு நிரந்தரக் குடியுரிமை அனுமதி மறுக்கப்பட்டது. ஊர் மக்கள் கொதித்தெழுந்தனர். அமைச்சர் தலையிட்டு அனுமதி வழங்கினார். அந்நாட்டில் குறையுடையோரைப் பாகுபடுத்தலாகாது எனும் சட்டம் 1992 முதல் இருக்கிறது. ஆயினும் குடியேற்றச் சட்டத்திற்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. உள்ளே இருப்பவனுக்கு ஒரு நீதி, வாயிலில் நிற்பவனுக்கு வேறொரு நீதி! கோயில் வாயிலில் நின்ற நமக்கு இது புரியாததன்று.

மூன்றாவது வாயில், உழைப்பு வாயில். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர்க்கு அந்நாடுகள் ஏற்றுக்கொண்ட மருத்துவ நிலையங்களில் சோதனை உண்டு. காசநோய், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெப்படைட்டிஸ் பி, சி ஆகியவை கண்டறியப்பட்டால் தகுதி மறுக்கப்படும். அங்குப் போய் இறங்கிய பின்னும் மீண்டும் சோதனை நடக்கும். இங்குத் தேறி அங்குத் தவறியவன், வாங்கிய கடன் அப்படியே இருக்க, வந்த வழியே திரும்ப வேண்டும்.

இம்மூன்று வாயில்களையும் அறிந்தவனுக்கு ஓர் உண்மை விளங்கும். நாட்டைத் தேர்ந்தெடுப்பதே நோயாளியின் முதல் மருந்து. மாணவ விசாவில் பிரிட்டன் செல்வோர்க்குச் சர்க்கரை நோய்க்கென்றோ வலிப்பு நோய்க்கென்றோ விசாச் சோதனை கேட்கப்படுவதில்லை. 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 776 பவுன் வீதம் நலக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திவிட்டால், அந்நாட்டுப் பொது மருத்துவ சேவை வந்திறங்கிய நாள் முதல் கிடைக்கும். மருந்தின்றிக் கட்டுப்படாத நீரிழிவுக்கும், தொடர்ந்து மாத்திரை உண்ண வேண்டிய வலிப்பு நோய்க்கும் இங்கிலாந்தில் விலக்குச் சான்று பெற்றால் மருந்துச் சீட்டுக் கட்டணமும் இல்லை. ஜெர்மனியில் முப்பது வயதுக்குட்பட்ட மாணவரைச் சட்டவழிப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் பழைய நோயைக் காட்டி ஒதுக்க முடியாது. அமெரிக்காவிலோ, மாணவர் பல்கலைக்கழகத்தின் முழுமையான காப்பீட்டை எடுப்பதே நன்று. மலிவான பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் பழைய நோய்க்குப் பணம் தருவதில்லை. ஒரே நோய், ஒரே மாணவன். நாட்டுக்கு நாடு அவனுடைய நிலை மாறுகிறது. இதை அறியாமல் "வெளிநாடு" என்று ஒற்றைச் சொல்லால் பேசுவது பேதைமை.

மறைப்பதால் வரும் கேடு

"மறைத்துவிடு" என்னும் அறிவுரைக்கு வருவோம். தாயின் நகையையும், இருந்த அரைக்காணியையும் அடகு வைத்து ஓர் இளைஞன் வளைகுடா செல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு வலிப்பு நோய் உண்டு. ஏஜெண்டு, "வாயைத் திறக்காதே" என்றான். அங்கு அவனுக்குக் கிடைத்தது சாரம் கட்டும் வேலை. மருந்து தீர்ந்ததும், கேட்க வெட்கப்பட்டு இரண்டு நாள் உண்ணாமல் இருந்தான். ஐந்தாம் மாடி உயரத்தில் வலிப்பு வந்தால் என்னாகும்? விழுபவன் அவன் ஒருவனா? கீழே நிற்கும் தோழன் நிலை என்ன? ஊரில் அக்கடனை அடைப்பவர் யார்? மறைத்தது ஒரு சொல்லை. பறிபோனது ஒரு குடும்பம்.

சர்க்கரை நோயாளிக்கு இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று குறைந்தால் நாக்குக் குழறும், நடை தள்ளாடும், வியர்வை கொட்டும். அவருக்கு நோய் உண்டென்று அறைத்தோழர் ஒருவருக்கேனும் தெரிந்திருந்தால் ஒரு கரண்டிச் சர்க்கரையோடு உயிர் மீளும். தெரியாவிட்டால், குடித்திருக்கிறான் என்று எண்ணி ஒதுக்கிவிடுவர். மதுவைத் தடை செய்த நாட்டில் அந்த எண்ணம் அவரைக் காவல் நிலையத்திற்கும் கொண்டு சேர்க்கக்கூடும்.

சட்டத்தின் கையும் நீளமானது. விண்ணப்பத்தில் பொய் கூறியது தெரியவந்தால் கனடா ஐந்தாண்டுகளுக்கு உள்ளே வரவிடாது. பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் பத்தாண்டுத் தடை விழக்கூடும். காப்பீட்டுப் படிவத்தில் நோயை மறைத்தவனுக்கு, மருத்துவமனைக் கட்டணச் சீட்டு கையில் வரும் நாளில்தான் தான் கட்டிய தவணை பயனற்றது என்று தெரியும்.

ஆனால் இளைஞர்களே, ஒரு வேறுபாட்டை நன்கு உணருங்கள். மறைக்காமை வேறு, பறைசாற்றுதல் வேறு. கேட்க உரிமை உள்ளவர் கேட்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டும். விசாப் படிவம், சோதிக்கும் மருத்துவர், காப்பீட்டு நிறுவனம், உயிருக்கு இடர் தரும் வேலையென்றால் வேலை கொடுப்பவர் ஆகியோர் அத்தகையோர். ஏஜெண்டிடமும் அண்டை வீட்டாரிடமும் ஊர்ப் பஞ்சாயத்திலும் கூற வேண்டிய கடமை எவர்க்கும் இல்லை. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், வேலை தர முடிவு செய்யும் முன்னர் ஒருவரின் உடல்நலத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதையே பெரும்பாலும் தடுக்கிறது. எங்கே சொல்வது கடமை, எங்கே சொல்லாதிருப்பது உரிமை என்று தெரிந்துகொள்வதும் கல்வியே.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

இனி, நடைமுறைக்கு வருவோம். அழகிய சொற்களைவிட இப்பகுதியே உங்களுக்குப் பயன்படும்.

முதலாவது, தாள்கள். நம்முள் பெரும்பாலோர் அரசு மருத்துவமனையில் மருந்து பெறுகிறோம். மாத்திரையின் நிறம் தெரியும், பெயர் தெரியாது. அயல்நாட்டு மருத்துவரிடம் "வெள்ளை மாத்திரை காலையில் ஒன்று" என்று கூற முடியாது. நோயின் பெயர், தொடங்கிய ஆண்டு, உண்ணும் மருந்துகளின் வேதிப்பெயர், அளவு, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி, மருத்துவர் கையொப்பமும் முத்திரையும் பெற்ற கடிதம் ஒன்று வேண்டும். இந்திய நிறுவனங்கள் இடும் வணிகப் பெயர் அங்கே விளங்காது.

இரண்டாவது, தடை செய்யப்பட்ட மருந்துகள். இங்கே எளிதில் எழுதித் தரப்படும் மருந்து அங்கே குற்றமாகலாம். சர்க்கரை நோயாளிகளின் நரம்பு எரிச்சலுக்குக் கொடுக்கப்படும் பிரிகாபலின், வலிக்கு உண்ணும் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவை ஐக்கிய அரபு நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. மருந்துச் சீட்டும் முன் அனுமதியும் இன்றிக் கொண்டுசெல்பவர் சிறை செல்ல நேரிடலாம். செல்லும் நாட்டுச் சுகாதாரத் துறையின் பட்டியலைப் பார்த்த பிறகே பெட்டியைக் கட்டுங்கள்.

மூன்றாவது, இன்சுலின். இதைச் சற்று உன்னிப்பாகக் கேளுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது. நம் நாட்டில் பெரும்பாலும் கிடைக்கும் குப்பி இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் இருக்கும். அதற்கான ஊசியும் 40 அளவுடையது. பல அயல்நாடுகளிலோ ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். இங்கிருந்து கொண்டுபோன 40 அளவு ஊசியால் அங்கே வாங்கிய 100 யூனிட் மருந்தை அதே கோடு வரை ஏற்றினால், உடலில் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். அது மரணத்தை விளைவிக்கக்கூடும். மருந்து மாறும்போது ஊசியும் மாற வேண்டும். இன்சுலினைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் அடிப்பகுதியில் செல்லும் பெட்டியில் உறைந்துபோனால் அது கெட்டுவிடும். குளிர்ப்பெட்டி இல்லாத தொழிலாளர் விடுதியில், நம் பாட்டி தண்ணீர் வைத்த மண்பானைக் குளிர்ச்சியே இன்சுலினுக்கு நல்ல துணை. நேரம் மாறும் நாடுகளுக்குச் செல்வோர், முதல் நாள் எந்த மணிக்கு எவ்வளவு போடுவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

நான்காவது, பணம். தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து வீடு தேடி வருகிறது. விமானம் ஏறிய மறுநாள் அது நின்றுவிடும். போகும் ஊரில் ஒரு மாத மருந்துக்கு ஆகும் செலவைப் போகுமுன்பே கணக்கிட்டு, கிடைக்கும் சம்பளத்திலிருந்து கழித்துப் பாருங்கள். கழித்த பின் மீதமில்லை என்றால், அந்த வேலை உங்களுக்கு உரியதன்று. பத்தாம் வகுப்புத் தேறாதோர் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது எடுக்க வேண்டிய 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' காப்பீடு பெரிதும் விபத்துக்கும் இறப்புக்கும் உரியது. மாதாமாதம் உண்ணும் மருந்துக்கு அது உதவும் என்று நம்பிவிடாதீர்கள்.

ஐந்தாவது, மாணவர்க்கு. தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55 முதல் நடந்துவரும் திட்டம். அதில் கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு ஆகியவற்றோடு மருத்துவக் காப்பீட்டுத் தவணையும் அடங்கும். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்க்கு அயல்நாட்டு உயர்கல்விக்கு உதவி வழங்குகிறது. உடற்குறை உடையோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தலசீமியா, இரத்தம் உறையாமை, அரிவாளணுச் சோகை ஆகியனவும் அதில் அடக்கம். ஆனால் இங்குப் பெற்ற அடையாள அட்டை அங்கே உரிமை தராது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளர் பிரிவுக்குச் சேருமுன்பே எழுதி, தேர்வில் கூடுதல் நேரம், தரைத்தளத்தில் அறை, சாய்தளப் பாதை முதலியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். பிரிட்டனில் குறையுடைய மாணவர்க்கு அரசு தரும் உதவித்தொகை அயல்நாட்டவர்க்கு இல்லை. ஆயினும் நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டிய கடமை, எந்நாட்டு மாணவராயினும் பல்கலைக்கழகத்திற்கு உண்டு. கேட்பது பிச்சையன்று. சட்டம் கொடுத்ததைக் கேட்பதற்கு நாணுவோர், கல்வி கற்றும் பழைய தெருவிலேயே நிற்பவர் ஆவர்.

சமுதாயத்தின் கடமை

இதுவரை செல்பவரின் கடமையைக் கூறினோம். அனுப்புகின்ற நமக்கும் கடமை இல்லையா?

பிள்ளைகள் நோயை மறைப்பது அயல்நாட்டுச் சட்டத்திற்கு அஞ்சி மட்டுமன்று. நம் நாவுக்கு அஞ்சியும்தான். "வலிப்புக்காரன்", "நொண்டி" என்று அடைமொழி சூட்டுபவர் யார்? பெண்ணுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று அவளைப் பள்ளி நாளிலிருந்தே மறைத்து ஊசி போட வைப்பவர் யார்? தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள் நாம். எச்.ஐ.வி. உள்ளவனின் குவளையைத் தனியே வைப்பதும் அதே தீட்டின் மறுபிறப்பே. வெளியிலிருந்து வந்த இழிவை எதிர்த்த கை, உள்ளேயிருந்து எழும் இழிவையும் எதிர்க்க வேண்டும். வீட்டில் நோயைச் சொல்லப் பழகிய பிள்ளையே விசா அலுவலகத்திலும் அச்சமின்றிச் சொல்லும்.

உடல் நலிவால் திரும்பி வருவோரைப் பற்றியும் ஒரு சொல். "போன வேகத்தில் வந்துவிட்டான்" என்னும் ஏளனத்திற்கு அஞ்சி, டயாலிசிஸ் செய்ய வேண்டிய நிலையிலும் அங்கேயே கிடப்போர் உண்டு. திரும்புதல் தோல்வியன்று, உயிரைக் காத்துக்கொண்டு வருவதும் ஒரு வெற்றியே. அயல்நாட்டில் சிகிச்சைக்கோ ஊர் திரும்பவோ வழியற்றவர்க்கு, இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமுதாய நல நிதி என ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலனுக்கென அரசு ஆணையரகமும் உண்டு. இவற்றின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்பட வேண்டும்.

சங்கத்தின் முன் மூன்று பணிகளை வைக்கிறோம். ஒன்று, கடல் கடக்க இருக்கும் ஒவ்வோர் இளைஞரும் பணம் கட்டுவதற்கு முன்னர், மருத்துவர் ஒருவரோடும் படிவங்களை அறிந்த ஒருவரோடும் தனித்து அமர்ந்து பேசுவதற்குச் சங்க அலுவலகத்தில் மாதம் ஒரு நாளை ஒதுக்குதல். அங்குப் பேசப்படுவது நான்கு சுவரைத் தாண்டக் கூடாது. இரண்டு, நலிவுற்றுத் திரும்புவோர்க்கு வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்றை ஏற்படுத்துதல். அது கந்துவட்டிக்காரனின் கதவுக்கு அவர்கள் போகாமல் தடுக்கும். மூன்று, ஏற்கெனவே நோயோடு அயல்நாட்டில் வாழ்ந்து, படித்து, உழைத்துவரும் நம்மவரிடம் அவர்தம் பட்டறிவை எழுதி வாங்கி, அடுத்துப் போவோர்க்குக் கொடுத்தல். எந்த ஊரில் எந்த மருந்து கிடைக்கும், எந்தப் படிவத்தில் எதை எழுத வேண்டும் என்னும் அறிவு, நம்மினும் வசதி படைத்த சமுதாயங்களுக்கு மாமன் வழியாகவும் மைத்துனன் வழியாகவும் கிடைத்துவிடுகிறது. முதல் தலைமுறையாய்ப் புறப்படும் நம் பிள்ளைக்கு அத்தகைய மாமனாகவும் மைத்துனனாகவும் இருக்க வேண்டியது இச்சங்கமே.

இளைஞர்களே! நம் முன்னோரின் உடலைப் பிறர் சோதித்து, பிறர் கணக்கெழுதி, பிறர் கப்பலேற்றினர். இன்று உங்கள் உடலின் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. அதை நீங்களே அறியுங்கள், நீங்களே எழுதுங்கள், நீங்களே முடிவு செய்யுங்கள். போவதென்று முடிவு செய்தால் தாள்களோடும் மருந்தோடும் தலைநிமிர்ந்து போங்கள். இந்நாடு அன்று, வேறு நாடு என்றாலும், இவ்வேலை அன்று, வேறு வேலை என்றாலும், அதையும் அறிந்து முடிவு செய்யுங்கள். எங்கே இருப்பினும் வாரம் ஒரு முறை வீட்டுக்குப் பேசுங்கள். பேசும்போது, "நலமாக இருக்கிறேன்" என்னும் வழக்கமான சொல்லோடு நிறுத்தாமல், உடம்பின் உண்மையையும் சொல்லுங்கள். அவ்வுண்மையைக் கலங்காமல் கேட்கும் வலிமையை நம் பெற்றோர்க்கு இச்சங்கம் அளிக்குமானால், வெள்ளி விழாவைக் காட்டிலும் பெரியதொரு விழாவுக்கு அது தகுதி பெறும்.